முதற்சம்பளச் சமநிலைக் கோட்பாடு: புதிய செவிலியரின் வரவு, வெளியேற்றம் குறித்த ஓர் ஆராய்ச்சி

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

நான்காண்டு பி.எஸ்ஸி. நர்சிங்கோ மூன்றாண்டு டிப்ளமோவோ முடித்து, தமிழ்நாட்டுத் தனியார் மருத்துவமனை ஒன்றில் ‘ஸ்டாஃப்’ ஆகி, ஒரு மாதம் கால் கடுக்க நின்ற பெண்ணின் வங்கிக் கணக்கில் முதன்முதலாக விழும் தொகையே இங்கு ஆய்வுப் பொருள். ஆண் செவிலியருக்கும் இக்கோட்பாடு பொருந்தும்; ‘நகைச் சீட்டு’ என வருமிடத்தில் ‘தங்கைக்கு நகைச் சீட்டு’ எனப் பாடம் கொள்க. இரண்டாம் சம்பளம் இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது. அதைப் பற்றி உறவினர் எவரும் விசாரிப்பதில்லை.

2. ஆய்வு முறை

பொருளியலார் கருவிகள் இதற்கு உதவா. ஆகவே செவிலியர் கையிலேயே இருக்கும் ஐ.ஓ. சார்ட்டைக் கையாள்கிறோம். நோயாளியின் உடம்புக்குள் எவ்வளவு போனது, எவ்வளவு வெளியே வந்தது என்று மில்லிக் கணக்கில் எழுதி, 24 மணி நேரத்துக்கு ஒருமுறை கூட்டிப் பார்ப்பது இதன் வேலை. இதை நோயாளிக்கு மட்டும்தான் போட வேண்டும் என்று எந்தப் பாடப்புத்தகமும் விதிக்கவில்லை.

3. முன்னோர் கருத்து

வருமானம் குறையக் குறைய அதில் சாப்பாட்டுக்குப் போகும் பங்கு கூடும் என்று 1857இல் ஜெர்மானியப் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கல் நிறுவினார். முதற்சம்பளத்தில் இவ்விதி முழுமையாகச் செல்லும். பெரும்பங்கு பிரியாணிக்கே போகிறது. சாப்பிடும் வயிறு யாருடையது என்பதை மட்டும் எங்கல் குறிப்பிடவில்லை.

அடுத்த ஆண்டே, 1858இல், ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் வட்டத்தை இதழ் இதழாகப் பிரித்து ஒரு படம் போட்டார். கிரிமியப் போரில் காயத்தால் இறந்த வீரர்களைவிடத் தடுத்திருக்கக்கூடிய தொற்றால் இறந்தவர்களே மிகுதி என்று அது காட்டியது. முதற்சம்பளத்தின் இறப்பும் அவ்வகையினதே. ஐ.சி.யு.வில் ட்ரீட் வைத்த செய்தி ஹேண்ட்ஓவரில் டயாலிசிஸுக்குப் பரவி, அங்கிருந்து ஓ.டி.க்குள் நுழைகிறது. கைகழுவுவதால் இத்தொற்று நிற்பதில்லை.

4. உட்செல்வது

அடிப்படைச் சம்பளமாகவே 15,000 ரூபாய் என்று கொள்வோம். பி.எஃப். 12 விழுக்காடு, 1,800. இ.எஸ்.ஐ. 0.75 விழுக்காடு, 113. எஞ்சுவது 13,087. ஹாஸ்டல், மெஸ் பிடித்தம் இதற்குப் பின். மருத்துவமனையில் வேலை பார்ப்பவர், தமக்குக் காய்ச்சல் வந்தால் வேறொரு மருத்துவமனைக்குப் போவதற்காகக் கட்டும் தொகையே இ.எஸ்.ஐ. என்பதை அறிஞர் கவனிக்க.

5. வெளியேறுவன

(அ) தெய்வம். பணம் போனுக்குள் மெசேஜாக வருவதால் அதைச் சாமி படத்தின் முன் வைக்க முடிவதில்லை. எனவே ஏ.டி.எம்.மில் எடுத்து, தாம்பாளத்தில் வைத்துக் கும்பிட்டு, மறுநாள் திரும்பக் கணக்கில் போடும் சடங்கு தோன்றியது. கிறித்தவ இல்லங்களில் தசமபாகம் என்றால் பத்தில் ஒன்று. முதற்பலன் என்று முழுவதையும் காணிக்கையாக்குவோரும் உளர். இவர்களது சார்ட்டு இவ்வரியோடு முடிகிறது.

(ஆ) அம்மா. படிப்புக்காக அடகு போன சங்கிலி இங்கே தலைகாட்டும். வங்கிக் கல்விக்கடன் பண்புள்ளது. படிப்பு முடிந்து ஓராண்டு வரை பொறுக்கும். அடகுக்கடைக்கு அந்தப் பண்பு இல்லை. முதற்சம்பளத்தால் சங்கிலியைத் திருப்ப முடியாது. வட்டியைக் கட்டி மாற்றி வைக்கத்தான் முடியும். அதற்கும் மேலே ஒரு சேலை. “எனக்கு எதுக்குடி இப்போ சேலை?” என்று அம்மா கேட்பார். இது வினா வடிவில் வரும் ஏற்பு. கலர் பிடிக்கவில்லை என்பது மறுநாள்தான் வெளிப்படும்.

(இ) வார்டு. ஊசியை எப்படிப் பிடிப்பது என்று காட்டிய சீனியர் அக்கா, லீவு கேட்க வேண்டிய இன்சார்ஜ் சிஸ்டர், இரவு இரண்டு மணிக்கு டீ வாங்கி வந்த ஆயாம்மா என்று ட்ரீட்டுக்கு மூவகை உரிமையாளர் உண்டு. மூன்றாமவர் ஒருபோதும் கேட்பதில்லை. அவருக்கு வாங்காமல் விட்டவரும் இல்லை.

(ஈ) தங்கம். நகைச் சீட்டின் முதல் தவணை. பெரும்பாலான சீட்டு 11 மாதத்தில் முடிவது ராசியால் அன்று. பொருளுக்காக வாங்கிய முன்பணத்தை 365 நாளுக்குள் நேர்செய்யாவிட்டால் அது வைப்புத்தொகை ஆகிவிடும் என்கிறது கம்பெனிச் சட்ட விதி.

(உ) ஜெர்மன். எங்கலின் நாட்டுக்குப் போக பி1, பி2 வகுப்புக்கு அட்வான்ஸ். முதல் வேலையின் முதல் சம்பளம் அடுத்த வேலையைத் தேடப் போகும் அரிய நிகழ்வு இது.

6. புலனாகா இழப்பு

தோல் வழியும் மூச்சு வழியும் புலப்படாமல் போகும் நீரை அளக்க முடியாது. ஷேர் ஆட்டோ, ரீசார்ஜ், தம்பியின் “அக்கா, ஒரு இருநூறு ஜிபே பண்ணேன்” ஆகியன இவ்வினத்தைச் சேர்ந்தவை.

7. தடையும் விடையும்

தனக்கென ஒன்றும் வாங்கவில்லையோ எனின், வாங்கினாள்: விநாடி முள் உள்ள கைக்கடிகாரம், அடி மெத்தென்ற வெள்ளை ஷூ. முன்னது பிறர் நாடியை எண்ணுவதற்கு. பின்னது பிறர் மணியடித்தால் ஓடுவதற்கு. இவை தனக்கான செலவா என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு.

8. முடிவு

எல்லா வரியையும் கூட்டினால் சார்ட்டு நெகட்டிவில் நிற்கிறது. கை தாராளமானதால் என்பார் சிலர். அன்று, இவளிடம் பங்கு கேட்டவர் எவரும் அதிகம் கேட்கவில்லை. ஒரு சேலை, ஒரு பிரியாணி, ஒரு தவணை, அவ்வளவே. உள்ளே ஏறியதுதான் குறைவு.

நெகட்டிவ் நீடித்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்பது வார்டு விதி. சொல்லியாயிற்று. 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தனியார் செவிலியர் ஊதியம் பற்றி ஆராயக் குழு அமைக்கச் சொன்னது. 50 படுக்கைக்குக் குறைந்த தனியார் மருத்துவமனையிலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது, 200க்கு மேற்பட்டால் அரசுச் செவிலியருக்கு இணையாகத் தர வேண்டும் என்று அக்குழு பரிந்துரைத்தது. போராட்டங்களுக்குப் பின் கேரளம் 2018இல் 20,000 ரூபாயைக் குறைந்தபட்ச ஊதியமாக அறிவித்தது. இங்கோ பல மருத்துவமனைகளில் அப்பரிந்துரை என்னும் ஆர்டர் இன்னும் ஃபைலில்தான் இருக்கிறது. டாக்டர் எழுதிய ஆர்டரை ஒரு வேளை தவறவிட்டால் நர்ஸுக்கு மெமோ வரும். இந்த ஆர்டரைத் தவறவிட்டதற்கு மெமோ யார் பெயருக்கு என்பது மேலாய்வுக்குரியது.