பத்திரிகை வந்துருச்சு, பொண்ணு எங்க?

வா மருமவனே, உக்காரு. புதுப் பொட்டி வாங்கிட்டியாமே! 2025 அக்டோபர் 14ஓட விண்டோஸ் 10-ஐ மைக்ரோசாஃப்ட்காரன் கைகழுவிட்டான், நீயும் பாவம் என்ன செய்வ. புதுப் பொட்டியில டேலி ஐகானை மட்டும் பென்டிரைவ்ல அள்ளிக்கிட்டு வந்து ஒட்டிருக்கியாம். தட்டுனா எதையோ காணோம்னு சொல்லுதாம். சொல்லாதா பின்னே? ஐகான்ங்கிறது கல்யாணப் பத்திரிகை. அதைக் கொண்டாந்து நடுவீட்டுல வச்சிட்டுப் பொண்ணை எங்கன்னு தேடுத ஒரே மாப்பிள்ளை நீதான்.

அடுத்தாப்புல என்ன செய்வன்னும் தெரியும். புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரை அப்படியே தூக்கிட்டு வருவ. சின்ன சாமான் ஒண்ணு ரெண்டு எந்திரிக்கும். பெருசுக பலது முழிக்கும். இன்ஸ்டால் பண்ணும்போதே ரெஜிஸ்ட்ரியில பதிஞ்சு, ஆப்டேட்டாவுல கொஞ்சம், சிஸ்டம்32ல கொஞ்சம்னு செதறிக் கெடக்குமே! பொண்ணு வந்துட்டா, பேரு பொறந்த வீட்டு ரேஷன் கார்டுல இருக்கு. அங்க நீக்காம இங்க சேப்பானா? டேலிக்காரனும் அதையேதான் கேக்கான். பழைய பொட்டியில லைசென்ஸை சரண்டர் பண்ணு, பெறவு புதுசுல இன்ஸ்டால் பண்ணி ஆக்டிவேட் பண்ணு. இல்லேன்னா எஜுகேஷனல் மோடுதான். மாசத்துல 1, 2-ன்னு ரெண்டு மூணு தேதிக்குத்தான் பில்லு போட விடுவான். உன் கடை யாவாரத்துக்கு அதுவே தாராளம்னா, நான் ஏன் குறுக்க வாறேன்.

காப்பி அடிக்க வேண்டியது கணக்கு இருக்க டேட்டா ஃபோல்டர். அதை மட்டும் மறந்துட்ட, கெட்டிக்காரன்! (லைசென்ஸ்னு ஒண்ணு இருக்கான்னு நான் கேக்கல. நீயும் சொல்லாத.)

பாமினி ஃபாண்டையும் எடுத்துக்க. அது இல்லாமத் தெறந்தேன்னா உன் கல்யாண மண்டப நோட்டீசு பூரா இங்கிலீசு எழுத்தா நிக்கும், புள்ளி வைக்க வேண்டிய எடமெல்லாம் அரைப்புள்ளி. அந்த நோட்டீசு அடிக்கிற பேஜ்மேக்கரா? அதோட கடைசிப் பதிப்பே 2001ல வந்தது. சிடி பரண்ல கெடக்குன்னு பெருமையடிக்காத, புதுப் பொட்டிக்கு சிடி திங்க வாயே இல்ல.

பழசை எடைக்குப் போடணும்னு எந்தங்கச்சி மவ நிப்பா. எல்லாம் ஓடுதான்னு பாக்குற வரைக்கும் ஒரு மாசம் பொறுக்கச் சொல்லு. மாமன் சொன்னாருன்னு மட்டும் சொல்லிராத, எனக்கு அங்க மதியச் சாப்பாடு இருக்கு.