கல்யாண அண்ணன்

எந்த வெளிநாட்டிலும் நம் ஆட்கள் பத்துப் பேர் சேர்ந்தால் அதில் ஒருவர் அண்ணனாக இருப்பார். செனகலின் டக்காரில் இருப்பவர் கல்யாண அண்ணன். இவரை யாரும் எந்தக் கல்யாணத்துக்கும் அழைத்ததில்லை. இவர் எந்தக் கல்யாணத்தையும் விட்டதுமில்லை.

சனிக்கிழமை மதியம் மெதினாவிலோ கிராண்ட் யோஃபிலோ தெருவை மறித்து ஒரு பந்தலும், வாடகைக்கு எடுத்த பிளாஸ்டிக் நாற்காலிகளும் கண்ணில் பட்டால் போதும், அண்ணன் காரை ஓரம் கட்டிவிடுவார். கூப்பிடாமல் போகலாமா என்று நீங்கள் இழுத்தால், "தம்பி, இது தெராங்கா பூமி. வந்தவனை வேண்டாம்னு சொல்ற பழக்கமே இங்க கிடையாது" என்பார். அது சத்தியமான உண்மை. செனகல்காரர்கள் வாசலில் நிற்கிறவனை உள்ளே இழுத்து உட்கார வைத்துவிட்டுத்தான் நீ யார் என்று கேட்பார்கள். அந்த உண்மையை இப்படிச் சக்கையாகப் பிழிந்தவர் இவர் ஒருவர்தான்.

தனியாகப் போகமாட்டார். ஊரிலிருந்து புதிதாக வந்து இறங்கிய ஒரு பையன் கட்டாயம் கூட வேண்டும். ஏன் வேண்டும் என்பது பையனுக்குப் பந்தலுக்குள் போனபிறகுதான் தெரியும்.

அண்ணனின் அலங்காரத்தைச் சொல்லிவிடுகிறேன். எச்.எல்.எம். சந்தையில் துணி எடுத்து, அங்கேயே தைத்த பஸேன் பூபூ அங்கி. கஞ்சி போட்டு மரக்கட்டையால் அடித்து அடித்துப் பளபளப்பு ஏற்றிய துணி. நடந்தால் சரசரவென்று சத்தம் போடும். மார்பில் ஒரே ஒரு பெரிய பை. அந்த ஊர் ஆண்கள் கல்யாணத்துக்குப் போகும்போது அந்தப் பையில் சில்லறை நோட்டுகளைக் கட்டாக வைத்துக்கொள்வார்கள். அண்ணன் அதில் போன் சார்ஜர் வைத்திருப்பார்.

பெயரும் உண்டு. வெளிநாட்டானுக்கு ஒரு குடும்பப் பெயரைச் சூட்டிவிடுவது அவர்கள் வழக்கம். அண்ணனுக்கு என்ஜாய் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஜோலோஃப் பேரரசை நிறுவியவர் என்று அவர்கள் சொல்லும் ஆதிபுருஷனின் குடும்பப் பெயர் அது. என்ஜாய்க்கும் ஜோப்புக்கும் கேலி முறை. ஜோப் வீட்டுப் பெரியவர் எவராவது வந்து, "இந்த என்ஜாய்களுக்குச் சோற்று மூட்டை போதாது" என்று வயிற்றில் தட்டினால் பந்தலே சிரிக்கும். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பவர் அண்ணன். பெரியவர் கேலி செய்கிறாரா, கணக்குச் சொல்கிறாரா என்று எனக்கு மட்டும் சந்தேகம்.

நாங்கள் போய்ச் சேரும்போது பெரும்பாலும் கறிச்சோறு இறங்கும் நேரம். கல்யாணம் என்ற காரியம் அதற்குப் பிறகு மாலைத் தொழுகை முடிந்து மசூதியில் நடக்கும். இரு வீட்டு ஆண்களும் இமாமும் உட்கார்ந்து பேசி முடித்து, கோலா கொட்டையை எல்லோருக்கும் பங்கு வைப்பார்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் அங்கே இருக்க வேண்டிய அவசியமே இல்லை. "தாலி கட்டுறதைப் பார்க்கலையேண்ணா?" என்று பையன் கேட்டால், "அதெல்லாம் பெரியவங்க பார்த்துப்பாங்க, நீ சாப்பிடு" என்பார். பிறகு, நகராட்சியில் பதிவு செய்யும்போது ஒரு மனைவியா, நான்கு வரைக்குமா என்று மாப்பிள்ளை சொல்லி எழுத வேண்டும் என்ற 1972ஆம் ஆண்டுக் குடும்பச் சட்டத்தை மட்டும் கண் சிமிட்டிக்கொண்டு விளக்குவார். கல்யாணமாகாத பையன்களிடம் இதைச் சொல்வதில் அவருக்கு என்ன சுகமோ.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

சாப்பாடு முடிந்து, மேளம் தொடங்கும். ஸாபர் என்பார்கள், ஒரு கையில் மெல்லிய குச்சி, இன்னொரு கை வெறுங்கை. அடி விழுந்ததும் கிரியோ பெண்மணிகள் எழுவார்கள். வம்ச வரலாறு சொல்லிப் புகழ்வதைப் பரம்பரைத் தொழிலாகக் கொண்டவர்கள். ஒருவர் முன்னால் வந்து நின்று அவருடைய குடும்பப் பெயரைச் சொல்லி, தாத்தாவின் தாத்தா வரைக்கும் ஏறிப் புகழ்ந்தால், புகழப்பட்டவர் நோட்டை எடுத்து நீட்டவோ நெற்றியில் ஒட்டவோ வேண்டும். நோட்டுகளில் சின்னது 500 பிராங்க். ஆயிரம் கொடுப்பது சாதாரணம். நம் காசில் 150 ரூபாய்ச் சொச்சம். கொடுக்காமல் இருப்பது தனக்கும் தன் முன்னோருக்கும் சேர்த்து மானக்கேடு.

கிரியோ அம்மாள் மைக்கோடு எங்கள் வரிசையை நோக்கித் திரும்பும் நொடியில் அண்ணனைக் கவனிக்க வேண்டும். இடது கையில் போன் உயரும். வலது கை பையனின் முதுகில் பதியும். ஒரு தள்ளு. அவ்வளவுதான், பையன் பந்தல் நடுவில் நிற்பான். அண்ணன் இரண்டடி பின்னால் போய், "பத்ரோன்! பெரிய பத்ரோன்! இந்தியா!" என்று, முதலாளி வந்திருக்கிறார் என்கிற தோரணையில், குரல் மட்டும் கொடுப்பார். அம்மாள் பெயர் கேட்பார். பையன் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் பெயரை எடுத்துக் கொடுப்பார். அப்பா பெயர், ஊர்ப் பெயர் எல்லாம் சப்ளை ஆகும். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு தாத்தா, பிகின் தெருவொன்றில் மைக்கில், அரசராகப் பட்டம் ஏற்றதை நானே கேட்டிருக்கிறேன். மேளக்காரர்கள் அதற்குத் தனியாக ஒரு அடி போட்டார்கள்.

பையன் பர்ஸைத் திறப்பான். அதில் 10,000 நோட்டு மட்டும்தான் இருக்கும், ஏனென்றால் நேற்று ஏடிஎம் அதைத்தான் கொடுத்தது. சில்லறை மாற்றிக்கொண்டு வரச் சொல்லி அண்ணன் சொல்லியிருக்கலாம். சொல்லமாட்டார். அம்மாளின் கண்ணும் நோட்டைப் பார்த்துவிட்டது. இனி உள்ளே வைக்க முடியாது. நோட்டு கை மாறும். அண்ணன் ஓடி வந்து பையனைக் கட்டிக்கொள்வார். "இதுதான் தம்பி மரியாதை! நம்ம நாட்டுக்கே பெருமை சேர்த்துட்டே!"

பத்தாயிரத்தைப் பார்த்த மற்ற கிரியோக்கள் சும்மா இருப்பார்களா? இரண்டாவது அம்மாள் எழுவார். அதற்குள் அண்ணன் வட்டத்துக்குள் குதித்திருப்பார், ஆடுவதற்கு.

பொய் சொல்லக் கூடாது, நன்றாகவே ஆடுவார். முழங்காலைத் தூக்கி, கையை வீசி, பூபூவைச் சுருட்டிப் பிடித்து அவர் ஆடினால் பாட்டிகள் எல்லாம் கைதட்டிக் கூவுவார்கள். ஆனால் கவனித்துப் பார்த்தால் ஆட்டம் எப்போதும் வசூல் நேரத்தில்தான் பொத்துக்கொண்டு வரும். ஆடுகிறவனிடம் யாரும் புகழ்பாடிக் காசு கேட்க மாட்டார்கள். ஒருமுறை, ஆட்டத்தை ரசித்த ஓர் அம்மாள் எழுந்து வந்து ஆயிரம் பிராங்க் நோட்டொன்றை அவருடைய வியர்த்த நெற்றியில் ஒட்டினார். அதை எடுத்து மேளக்காரர் பக்கம் போடுவதுதான் முறை. அண்ணன் ஆடிக்கொண்டே நோட்டை உரித்து, மடித்து, மார்புப் பைக்குள் போட்டார். அந்தப் பைக்குள் கல்யாண நோட்டு ஒன்று போனதை அன்றைக்குத்தான் பார்த்தேன். மேளக்காரர் ஒரு கணம் குச்சியை நிறுத்தினார். பிறகு அடித்தார்.

வீடியோ அன்று இரவே வாட்ஸ்ஆப் குழுவுக்கு வந்துவிடும். பையன் திருதிருவென்று விழிப்பான், அம்மாள் பாடுவார், நோட்டு கை மாறும். அண்ணன் படத்தில் இருக்கமாட்டார். கீழே, 'அவங்க பண்பாடும் நம்ம பண்பாடும் ஒண்ணுதான்' என்று எழுதியிருப்பார்.

நீங்களும் ஏதாவது கொடுக்கலாமே அண்ணா என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். "தம்பி, உனக்குச் சட்டம் தெரியாது" என்று ஆரம்பித்தார். குடும்ப விசேஷங்களில் மிதமிஞ்சிச் செலவு செய்யக் கூடாது என்று 1967லேயே செனகல் அரசு சட்டம் போட்டிருக்கிறது. உண்மைதான், போட்டது. அந்தச் சட்டத்தை யாரும் சட்டை செய்ததில்லை. கல்யாணங்கள் அதற்குப் பிறகும் பெருத்துக்கொண்டேதான் போகின்றன. இன்றைக்கு அதைக் கடைப்பிடிக்கும் ஒரே குடிமகன் அண்ணன், அவர் குடிமகனும் அல்ல.

இதையெல்லாம் சொன்னாலும், மனுஷரிடம் நல்லது இல்லாமல் இல்லை. சனிக்கிழமை அறையில் தனியாக நூடுல்ஸ் கிண்டிக்கொண்டிருந்த எத்தனையோ பையன்களை இழுத்துக்கொண்டு போய் நாலு மனிதர்களுக்கு நடுவில் உட்கார வைத்தவர் அவர்தான். பெரிய தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்தால் உன் முன்னால் இருப்பதை மட்டும் சாப்பிடு, நடுவில் இருக்கும் கறியை வீட்டுக்காரம்மா பிய்த்து உன் பக்கம் தள்ளுவார், அதுவரை கையை நீட்டாதே என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். சைவக்காரப் பையன் என்றால் நேரே அடுப்படிக்கே போய், ஓலோஃப் மொழியில் பேசி, வெங்காயச் சாலட்டும் ரொட்டியும் வாங்கிவந்து பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வைப்பார். அந்த விஷயத்தில் தங்கம்.

அதனால்தான் எங்கள் அலுவலகக் கணக்குப் பிரிவுப் பெண்மணியின் தங்கை கல்யாணத்துக்கு, எனக்கு முறையாக அழைப்பு வந்தபோது, அண்ணனையும் கூட்டிக்கொண்டு போனேன்.

அங்கே ஒரு காட்சி. பெண் வீட்டிலிருந்து மாமியாருக்கும் நாத்தனார்களுக்கும் துணி, பாத்திரம், பணம் எல்லாம் வரிசை வரிசையாக வருகிறது. யார் என்ன கொடுத்தார்கள் என்பதைக் கிரியோ அம்மாள் மைக்கில் அறிவிக்க அறிவிக்க, ஓரமாக ஒரு பெண் பள்ளிக்கூட நோட்டில் எழுதிக்கொண்டே போகிறாள். பெயர், அதற்கு எதிரே தொகை. நம் ஊர் மொய் நோட்டேதான், ஒரு வித்தியாசம்: வாங்கியதைவிடக் கூட்டித்தான் திருப்ப வேண்டும், இரண்டு மடங்காகத் திருப்புகிறவர்களும் உண்டு. இதற்காகவே பெண்கள் மாதாமாதம் சீட்டுப் போட்டுச் சேர்க்கிறார்கள். அன்றைக்குப் பந்தலில் தெருமுனையில் வேர்க்கடலை விற்கும் அம்மாள்கூட எழுந்து வந்து தன் பங்கைக் கொடுத்தார்.

நான் உறையில் 20,000 வைத்துக் கொண்டுபோயிருந்தேன். எழுந்தேன். அண்ணனும் கூடவே எழுந்தார். அட, கடைசியில் மனசு வந்துவிட்டதே என்று நினைத்தேன். உறையை என் கையிலிருந்து மரியாதையாக இரண்டு கையாலும் வாங்கினார், கிரியோ அம்மாளிடம் நீட்டினார், காதில் ஏதோ சொன்னார். அம்மாள் மைக்கில் முழங்கினார்: "இந்திய நண்பர்கள் இருவர், இருபதாயிரம்! என்ஜாய், என்ஜாய்!" மேளம் அதிர்ந்தது. அந்தப் பெண் நோட்டில் எழுதினாள். நான் பார்த்தேன். முதல் பெயர் அவருடையது.

இதுவரை சிரித்துக்கொண்டே சொன்னேன், ஆனால் இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அண்ணனுக்குக் கம்பெனி வீடு, கம்பெனி கார், ஊரில் இரண்டு மனை. விடிகாலையிலிருந்து புகையில் நின்று நூறு பேருக்குக் கிளறிய பெண்களின் சோற்றை வருடக்கணக்கில் சாப்பிட்டுவிட்டு ஓர் ஐந்நூறு பிராங்க் எடுத்து வைக்க மனசு வராத ஆளை என்னவென்று சொல்வது? அவர்கள் கேட்கமாட்டார்கள். விருந்தாளியிடம் எப்படிக் கேட்பார்கள்? மறுவாரம் அலுவலகத்தில் அந்தப் பெண்மணி எனக்கு நன்றி சொல்லிவிட்டு, "உங்கள் நண்பர் ரொம்ப நன்றாக ஆடுகிறார்" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வருகிற மாதம் அண்ணன் மகளுக்குப் பிறந்தநாள். இதுவரை டக்காரில் ஒரு விசேஷமும் வைக்காதவர், இந்த முறை தடபுடலாகச் செய்கிறார். அந்தக் குடும்பம் மொத்தத்தையும் நேரில் போய் அழைத்துவிட்டு வந்திருக்கிறார். பெண்மணியின் அம்மா நோட்டைப் புரட்டிப் பார்த்து, முறை தவறாமல் இரட்டிப்பாக முடிந்துகொண்டு வந்துவிடுவார், என்னுடைய பணத்துக்கு.

நேற்று அண்ணன் போன் செய்தார். "தம்பி, பிறந்தநாள் அன்னிக்கு உன் வீட்டு நாற்காலி நாலு வேணும். அப்படியே நீ கொஞ்சம் சீக்கிரமா வந்துடு, அவங்க கொடுக்கறதை யாராவது எழுதி வைக்கணும் இல்ல?"