வரிவிலக்கில் பிறந்த ஊர்

ஒடென்சே,
புதன்கிழமை

அன்புள்ள பெரியப்பாவுக்கு நமஸ்காரம்.

பெரியம்மாவின் முழங்கால் வலி தேவலையா? "இவ்வளவு சம்பளம் வாங்கியும் கையில் ஏன்டா ஒன்றும் தங்கவில்லை?" என்று போனில் கேட்டீர்கள். ரெவின்யூ இன்ஸ்பெக்டராக ரிடையரானவருக்கு ஆதியோடந்தமாகச் சொன்னால்தானே திருப்தி!

டென்மார்க்கில் நான் இருக்கும் இந்த ஒடென்சே என்றால் ஒடினுடைய புனிதத்தலம். ஒடின், வைக்கிங்குகள் கும்பிட்ட ஒற்றைக்கண் தெய்வம். புதன்கிழமையும் இங்கே அவர் பெயரில்தான். ஆக, ஒரு காலத்துக் கோயில் ஊர். பக்கத்தில் ஹொய்பூ என்றொரு சிற்றூர்; பெயரைப் பிரித்தால் நம்ம மேட்டூர். அணை மட்டும் கிடையாது.

ஒடென்சேயின் பெயர் முதன்முதலில் ஏட்டில் ஏறியது 988 மார்ச் 18 அன்று. எதில் தெரியுமா? வரிவிலக்கு உத்தரவில்! ஸ்லெஸ்விக், ரீபே, ஓர்ஹுஸ், ஒடென்சே மறைமாவட்டங்களின் சர்ச் சொத்துக்கு வரி வேண்டாம் என்று ஜெர்மன் அரசன் மூன்றாம் ஓட்டோ எழுதிக் கொடுத்தான். அப்போது அவனுக்கு வயது ஏழு. நிர்வாகமெல்லாம் அம்மா தியோஃபனு. டென்மார்க்குக்கோ தனி அரசன் இருந்தான். அடுத்த தாலுகா நிலத்துக்கு நம்ம தாசில்தார் தள்ளுபடி கொடுத்த கதை.

சலுகை அத்தோடு சரி. அடுத்த நூற்றாண்டில் நான்காம் கனூட் என்ற ராஜா, இங்கிலாந்துமேல் படையெடுக்கக் கப்பல்களைத் திரட்டினான். சொல்லாமல் வீடு திரும்பியவர்களுக்கு அபராதம் போட்டான்; சர்ச்சுக்கு விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு கொடு என்றும் நெருக்கினான். ஜனங்கள் துரத்த, ஒடென்சேக்கு ஓடிவந்து செயின்ட் ஆல்பன் சர்ச்சில் ஒளிந்தான். 1086 ஜூலை 10, உள்ளேயே வைத்துக் கொன்றுவிட்டார்கள். பிறகு தம்பி ஓலாவ் ஆட்சியில் விளைச்சல் பொய்த்துப் பஞ்சம் வந்தது. 'பசி ஓலாவ்' என்றே அவனுக்குப் பட்டப்பெயர். தெய்வக் குற்றம் என்று ஊர் நடுங்கியது. 1101-ல் கனூட் புனிதராகிவிட்டான்! அவன் எலும்புக்கூடு இன்றும் பெரிய சர்ச்சின் நிலவறையில், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது.

உங்கள் காலத்தில் ஜப்திக்குப் போனவர்களுக்கு வசவுதான் கிடைத்தது. இங்கே வசூலித்தவருக்குக் கோயிலே கிடைத்திருக்கிறது.

இப்போது என் கணக்கு. சம்பளம் கைக்கு வருமுன்பே வருமான வரி போய்விடும். மிஞ்சியதில் தேங்காய் வாங்கினாலும் 25 சதவீத விற்பனை வரி. சர்ச் வரி அதன் உறுப்பினருக்கு மட்டும். பிள்ளையார் புண்ணியத்தில் அதில் மட்டும் தப்பித்தேன். ஆனால் டாக்டரிடம் போனால் ஒரு காசு கேட்பதில்லை. அதனால்தான் யாரும் இப்போது ராஜாவைத் துரத்துவதில்லை போலும்.

நம் வீட்டு வரி பாக்கி இருந்தால் சொல்லுங்கள், அனுப்புகிறேன். ஆனால், 'சேமிப்பு எவ்வளவு' என்று மட்டும் பெரியம்மா முன்னால் கேட்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் பிரியமுள்ள
தம்பி மகன்