எதுவும் தோற்காத கடல்

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் மாதந்தோறும் வழவழத் தாளில் வெளிவரும் உல்லாசப் படகு இதழ்களின் மேன்மை தங்கிய ஆசிரியர் குழுக்களுக்கு,

வணக்கம். உங்கள் கருவி மதிப்புரைகளை விடாமல் படிக்கிறவர்களுக்கு ஒரு பெரிய நிம்மதி வாய்க்கிறது. நீங்கள் காட்டும் கடலில் எந்தச் சாமானும் பழுதாவதில்லை. கயிறு இழுக்கும் வின்ச் இறுகிக்கொள்வதில்லை, பம்ப் அடைத்துக்கொள்வதில்லை, மழைக்கோட்டின் தையல் விடுவதில்லை. ஐந்து ஜி.பி.எஸ். கருவிகளை ஒப்பிட்டால் ஐந்துக்கும் ஒவ்வொரு முதலிடம் கிடைத்துவிடுகிறது: ஒன்று விலைக்கு, ஒன்று திரைக்கு, ஒன்று எடைக்கு, ஒன்று புதுமைக்கு, எந்த வகையிலும் சேராதது 'ஆசிரியர் தேர்வு' ஆகிவிடுகிறது. குறை என்று ஒன்றைச் சொல்லியே தீரவேண்டிய கட்டம் வந்தால், கையேட்டின் எழுத்து சற்றுப் பொடியாக இருக்கிறது என்கிறீர்கள். எதிர்ப்பக்கத்தில் அதே கம்பெனியின் முழுப்பக்க விளம்பரம் பளபளக்கும்போது அந்த அளவுக்குப் பேசவும் ஒரு நெஞ்சுரம் வேண்டும். அதற்கு என் வணக்கத்தை இன்னொரு முறை ஏற்றுக்கொள்ளுங்கள்.

உங்களை விலைபோனவர்கள் என்று ஏசுவது வாசகர்களின் வழக்கம். அந்தக் கோஷத்தில் நான் சேரப்போவதில்லை. சான்றுகள் அவ்வளவு சுலபமாக அந்தப் பக்கம் சாயவில்லை. ஜோனதன் ராய்ட்டர், எரிக் ஜிட்செவிட்ஸ் என்ற இரு பொருளியலாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கத் தனிநபர் முதலீட்டு இதழ்கள் தங்களுக்கு விளம்பரம் கொடுத்த மியூச்சுவல் ஃபண்டு நிறுவனங்களின் திட்டங்களை அதிகம் பரிந்துரைத்தது தெரிந்தது. நியூயார்க் டைம்ஸிலும் வால் ஸ்ட்ரீட் ஜர்னலிலும் அப்படி ஒரு தொடர்பு தென்படவில்லை. அதே ராய்ட்டர் பிறகு ஒயின் பக்கம் திரும்பி, விளம்பரம் வாங்கும் ஒயின் ஸ்பெக்டேட்டரின் மதிப்பெண்களை, விளம்பரம் வாங்காத ஒயின் அட்வகேட்டின் மதிப்பெண்களோடு ஒப்பிட்டார். விளம்பரதாரருக்குக் கிடைத்த சலுகை, இருந்தால், ஒரு மதிப்பெண்ணுக்கும் குறைவு. ஆக, விளம்பரம் என்றாலே பொய் என்று முடிவுகட்ட முடியாது. விளம்பரதாரரின் கோபம் கற்பனை என்றும் சொல்ல முடியாது. புலிட்சர் பரிசு பெற்ற டான் நீல் 2005-ல் ஒரு போன்டியாக் காரைக் கடுமையாக விமர்சித்ததும் லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸுக்குக் கொடுத்துவந்த விளம்பரங்களை ஜெனரல் மோட்டார்ஸ் நிறுத்தியது. பெரிய நாளிதழ் தாங்கிக்கொண்டது. ஏழெட்டுக் கம்பெனிகளை நம்பிப் பிழைக்கும் படகு இதழுக்கு அந்தப் பணம்தான் அச்சகக் கூலி.

நீங்கள் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. நல்ல கல்யாணத் தரகர் பொய் சொல்வதில்லை: பையனுக்குச் சம்பளம் அதிகம் என்பார், அது உண்மையாகவே இருக்கும், முன்கோபத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. உங்கள் மேசைக்கு வரும் பொருளைத் தேர்ந்தெடுத்து அனுப்புகிறவர் அதைச் செய்தவர். கடைத் தட்டில் கைக்கு வந்ததை எடுத்து வருவதற்கும் இதற்கும் உள்ள தூரம் உங்களுக்குத் தெரியும். சோதனையில் தேறாததைப் பற்றி எழுதி இடத்தை வீணாக்குவானேன் என்று அதைச் சத்தமில்லாமல் விட்டுவிடுகிறீர்கள். விளைவு என்னவென்றால், இதழில் இல்லாத ஒரு பொருள் சோதிக்கப்படவே இல்லையா, சோதித்துத் தோற்றதா என்று வாசகருக்குத் தெரிய வழியில்லை. ஒரு மதிப்புரையின் நம்பகம் அதன் புகழ்ச்சி வரிகளில் இல்லை. மாதிரியை யார் வாங்கினார்கள், அது எத்தனை காலம் உப்புத் தண்ணீரில் கிடந்தது, எது தோற்றது என்ற மூன்று தகவல்களில் இருக்கிறது. மூன்றையும் அச்சிடாமல் விடுவதற்கு எவ்வளவு பக்கங்களைச் செலவழிக்கிறீர்கள்!

நங்கூரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2006-ல் கலிபோர்னியாவின் சாண்டா குரூஸ் கடலில் செயில் இதழும் யாட்டிங் மன்த்லியும் நடத்திய ஒப்பீட்டுச் சோதனை உங்கள் துறையின் உருப்படியான வேலைகளில் ஒன்று. படகில் கட்டி இழுத்து, இழுவிசையை அளந்து, இடத்துக்கு இடம் முடிவு மாறியதையும் ஒளிக்காமல் வெளியிட்டார்கள். (அதில் வெஸ்ட் மரைன் என்ற பெரிய கடைத்தொடருக்கும் பங்கு உண்டு, விற்கிறவரே பரிசோதகர்களில் ஒருவராக இருப்பதை யாரும் விநோதமாக எண்ணவில்லை.) நியூசிலாந்தில் பீட்டர் ஸ்மித் வடிவமைத்த ரோக்னா நங்கூரம் அதில் நன்றாகத் தேறியது. அந்த முடிவு விளம்பரத்திலும் ஏறியது. பின்னர் உற்பத்தி சீனாவுக்குப் போனது. அங்கே தயாரித்தவற்றில் ஒரு பகுதியின் தண்டுக்கு, வாக்களித்ததைவிட வலிமை குறைந்த எஃகு போடப்பட்டிருந்தது 2011-ல் அம்பலமானது. உற்பத்தி உரிமம் பின்பு வேறு கைக்கு மாறியது. இங்கே கவனிக்க வேண்டியது, 2006-ன் சோதனையில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை என்பது. சோதித்த நங்கூரம் வேறு, பெயர் ஒன்றாக இருந்தாலும் கடையில் விற்ற நங்கூரம் வேறு. குட்டை உடைத்ததும் எந்த இதழின் பரிசோதனைக் குழுவும் இல்லை. உற்பத்தியோடு தொடர்பிருந்த ஒருவரும், கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்ட படகுக்காரர்களும்தான். மதிப்புரைக்குக் காலாவதித் தேதி போடும் வழக்கம் உங்களிடம் இல்லை. பழைய பாராட்டு புதிய சரக்கின் முதுகில் ஏறி ஊர் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

காலக் கணக்கு இன்னும் மோசம். உங்கள் இதழ் மாதாமாதம் வருகிறது. கடல் அந்த வேகத்தில் தீர்ப்புச் சொல்வதில்லை. அடித்தட்டில் பாசியும் கொட்டலசும் ஒட்டாமலிருக்கப் பூசும் பெயிண்ட் நல்லதா என்று தெரிய ஒன்றிரண்டு பருவம் ஆகும். வெயிலில் நைந்த தையல் அறுவதற்கு ஆண்டுகள் ஆகும். அளவுகோலே ஏமாற்றும் சந்தர்ப்பமும் உண்டு: டிரைபியூட்டைல்டின் கலந்த பெயிண்ட் அடித்தட்டைச் சுத்தமாக வைத்திருப்பதில் எந்தச் சோதனையிலும் முதலிடம் வாங்கியிருக்கும். பிரான்சின் ஆர்க்காஷோன் விரிகுடாவில் அதன் நச்சால் சிப்பிகளின் ஓடு உருக்குலைந்த பிறகு அந்த நாடு 1982-லும், பிரிட்டன் 1987-லும், அமெரிக்கா 1988-லும் சிறு படகுகளில் அதைத் தடுத்தன. உயிர்காக்கும் சாமான்களோ தேவைப்படும் நாளில்தான் தங்களைக் காட்டிக்கொள்ளும். 1979-ன் ஃபாஸ்ட்நெட் பாய்மரப் படகுப் பந்தயத்தில் 303 படகுகள் கிளம்பின. புயலில் போட்டியாளர்கள் 15 பேர் இறந்தார்கள். விசாரணை அறிக்கையின்படி அவர்களில் ஏழு பேரின் சாவு லைஃப் ராஃப்டுகள் எனும் உயிர்காப்பு மிதவைகளோடு தொடர்புடையது. அவர்கள் கைவிட்டு இறங்கிய படகுகள் பிறகு மிதந்தபடியே கண்டெடுக்கப்பட்டன. பெட்டிக்குள் மடித்து மூடிய ஒரு ராஃப்டை ஓர் அமைதியான துறைமுகத்தில் ஊதவைத்துப் படம் எடுத்து, நிறம் எடுப்பாக இருக்கிறது என்று எழுதுகிறீர்கள். நிறம் எடுப்பாகத்தான் இருக்கிறது.

இதற்கெல்லாம் பணம் வேண்டாமா, வழக்குப் போட்டால் யார் கட்டுவது என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். விளம்பரம் வாங்காத நுகர்வோர் இதழான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் 1970-ல் போஸ் 901 ஒலிபெருக்கியைப் பற்றி எழுதியதற்கு வந்த வழக்கு 1984-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில்தான் இதழின் பக்கம் முடிந்தது. அவ்வளவு நீண்ட வழக்கைத் தாங்கும் கஜானா எந்தப் படகு இதழிடமும் இல்லை. ஆனாலும் முடியாது என்பதற்கு ஒரு தடங்கல் இருக்கிறது. 1974-ல் தொடங்கிய பிராக்டிகல் செய்லர் விளம்பரம் வாங்காமல், சோதிக்கும் சாமானைப் பெரும்பாலும் தானே வாங்கி, சந்தாவை நம்பி நடக்கிறது. பெயிண்ட் அடித்த பலகைகளைக் கடலில் மாதக்கணக்கில் ஊறவிட்டு எது மோசம் என்றும் பட்டியல் போடுகிறது. தாள் வழவழப்பாக இல்லை, அட்டையில் சூரிய அஸ்தமனம் இல்லை. உங்கள் பக்கம் உள்ள அனுகூலங்களை நான் மறுக்கவில்லை.

விளம்பரம் வாங்காதவர்கள் தவறே செய்யாதவர்களா என்று மடக்குவீர்கள். செய்கிறார்கள், அதுவும் அபாரமாக. 2007-ல் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் காரில் பொருத்தும் 12 குழந்தை இருக்கைகளைச் சோதித்து இரண்டைத் தவிர மற்றவை தேறவில்லை என்றது. மணிக்கு 38 மைல் மோதலாகக் கருதிய பக்கவாட்டுச் சோதனை, வெளிச் சோதனைக்கூடத்தில் 70 மைலுக்கு மேற்பட்ட வேகத்துக்கு ஒப்பாக நடந்திருந்தது. இரண்டு வாரங்களுக்குள் அறிக்கையைத் திரும்பப் பெற்றார்கள். எப்படிச் சோதித்தோம் என்று எழுதிவைத்திருந்ததால் பிழையைப் பிடிக்க முடிந்தது. உங்கள் மதிப்புரைகளில் இப்படி ஒரு பிழை அகப்பட்டதே இல்லை. அகப்படுவதற்கு அவற்றில் எண்ணே கிடையாது. இதழ் வேண்டாம், வாங்கியவர்கள் போடும் நட்சத்திரங்கள் போதும் என்பாரும் உண்டு. போலி விமர்சனங்களைத் தடைசெய்து அமெரிக்க வணிக ஆணையம் 2024-ல் விதி கொண்டுவர வேண்டியிருந்தது என்பதே அவர்களுக்குப் பதில்.

ஆகவே என் விண்ணப்பம் சிறியது. விளம்பரத்தை விடச் சொல்லவில்லை. ராஃப்டை அட்லாண்டிக்கில் புயலுக்குள் தள்ளச் சொல்லவில்லை. ஒவ்வொரு மதிப்புரையின் அடியிலும் இரண்டு வரி: இந்தப் பொருள் விலைக்கு வாங்கியதா, அனுப்பிவைத்ததா, திருப்பிக் கொடுத்தாயிற்றா, எத்தனை மணி நேரம் பயன்படுத்தினோம், இதே வேளையில் சோதித்து விட்டுவிட்டவை எவை. இதற்கு இடமில்லையென்றால் 'ஆசிரியர் தேர்வு' முத்திரையைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்ளலாம்.

இந்தக் கடிதத்தைப் பிரசுரிக்க மனம் வந்தால் எந்தப் பக்கத்தில் போட்டாலும் சம்மதம். பக்கத்தில் லைஃப் ராஃப்ட் விளம்பரம் வருவதாக இருந்தால், அவர்களுக்கு முன்கூட்டியே அனுப்பிக் காட்டிவிட்டீர்களா என்பதை மட்டும் அடிக்குறிப்பில் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
சந்தாவைப் புதுப்பிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் ஒரு வாசகர்