ஓடுபாதையில் ஒரு பந்தயம்

கேள்வி: மொனாக்கோ, ஸ்பா, நூர்புர்க்ரிங்... கார் பந்தயத் தடங்களில் எது சார் ஒசத்தி?
(வாசகர், கரமனை, திருவனந்தபுரம்)

பதில்: நீளம்தான் கணக்கென்றால் நூர்புர்க்ரிங்கின் பழைய வடக்குச் சுற்று, 20.8 கி.மீ. ஓட்டுகிறவர்களைக் கேட்டால் பாதிப் பேர் ஸ்பா என்பார்கள். மொனாக்கோ வெறும் 3.337 கி.மீ.; உங்கள் சாலைக் கடைத்தெருவில் ஆட்டோ போகிற மாதிரி, முந்த இடமே கிடையாது. அப்படியே 78 சுற்று!

என் ஓட்டு சோழவரத்துக்கு. சென்னைக்கு வடக்கே, உலகப்போர் காலத்து விமான ஓடுதளம். இருங்காட்டுக்கோட்டையில் 1990இல் 3.717 கி.மீ. தடம் வரும்வரை சீறலெல்லாம் அங்கேதான். விமானத்தளத்தில் காரா என்று சிரிக்க வேண்டாம். 1950இல் முதல் ஃபார்முலா ஒன் உலக சாம்பியன்ஷிப் பந்தயம் நடந்த சில்வர்ஸ்டோனும் போர்க்கால விமானத்தளம்தான்.

அட, உங்கள் ஊரிலேயே பங்குனி, ஐப்பசி ஆராட்டுக்கு விமானங்களை நிறுத்திவிட்டு, பத்மநாபசாமி ஓடுபாதை வழியாகத்தானே சங்குமுகம் கடற்கரைக்குப் போகிறார்? நடைவேகம்தான். ஆனால் முந்திப் போக ஒருவருக்கும் தைரியம் வராது. முதலிடம் அவருக்கே.