மல்லாங்கிணத்து வெயிலுக்கு வெதுவெதுப்பான பால் எதுக்குடா?

வாப்பா பேராண்டி. பெங்களூர்க் கம்பெனியில வீட்டுல இருந்தே வேலை பாக்கச் சொல்லி அனுப்பிட்டாகன்னு ஒங்காத்தா சொன்னா. அனுப்பினாகளா, தள்ளி விட்டாகளான்னு நான் கேக்கலை. நேத்து ராத்திரி முத்தத்துல நம்ம நாயி ஒரு உருண்டையைக் கவ்விச்சு, கொஞ்ச நேரம் யோசிச்சிச்சு, பைய கீழ வச்சுட்டுப் போயிருச்சு. சிவகாசி அணுகுண்டு எதும் உருண்டு வந்துருச்சோன்னு நானும் தள்ளியே உக்காந்திருந்தேன். பெறகுதான் சொன்னாக, அது நீ சுட்ட டின்னர் ரோலாம்.

கோவிச்சுக்கிடாத. நானும் எளவட்டத்துல மதுரைப் பக்கம் ஒரு ரொட்டிக் கடையில மாவு பிசைஞ்சவன்தான். ஒரு சித்திரை மத்தியானம், மாவை மரத்தொட்டியில ஊறப் போட்டுட்டு மைதா மூட்டையில சாஞ்சேன். கால் வெரல்ல ஏதோ குளுகுளுன்னு ஒரசவும் முழிச்சுப் பாத்தா, மாவு தொட்டியை விட்டு எறங்கி என்னைத் தேடி வந்திருக்கு. மொதலாளி அடிக்கலை. மூணு நாளைக்கு அந்தப் புளிச்ச பன்னைத்தான் எனக்குச் சாப்பாடாப் போட்டாரு.

சரி, நீ பாத்த ரொட்டி வீடியோவுல அந்தாளு என்ன சொன்னான்? பாலை வெதுவெதுப்பா வையி, மாவை ஒரு மணி நேரம் மூடி வையின்னான். அவன் ஊர்ல வாசல்ல பனி கெடக்கும். நம்ம ஊரு சித்திரையில 40 டிகிரி. இங்க நல்லெண்ணெய்ப் பாட்டிலே காய்ச்சல்காரன் மாதிரி சுடுது, இதுல நீ பாலை வேற அடுப்புல ஏத்துற. பிரிட்ஜ்ல இருந்து எடுத்த பாலை அப்படியே ஊத்து. அவனுக்கு ஒரு மணி நேரம்னா நமக்கு 35, 40 நிமிசத்துல மாவு ரெண்டு பங்காயிரும். நீயோ மீட்டிங்னு காதுல மாட்டிக்கிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு வந்து பாத்த. அது பொங்கி, ஓஞ்சு, படுத்தே போச்சு.

மூடியைத் தொறந்ததும் கள்ளு வாடை வந்திச்சுல்ல? அது கள்ளேதான். பனங்கள்ளைப் பொங்க வைக்கிறதும் ஒன் பாக்கெட்டு ஈஸ்ட்டும் ஒரே சாதிசனம். சீனியைத் தின்னுட்டு ஒரு பக்கம் காத்தை விடும், ஒரு பக்கம் சாராயத்தை எறக்கும். கோவாக்காரன் ஒரு காலத்துல கள்ளை ஊத்தித்தான் ரொட்டி மாவைப் பொங்க வச்சான். நம்ம ஊர்ல 1987-ல கள்ளுக்குத் தடை வந்திச்சு. அந்தக் கிருமி மட்டும் அழகா பாக்கெட்டுக்குள்ள உக்காந்து மளிகைக் கடை வழியா உள்ள வந்திருச்சு பாத்தியா!

ஒன் அப்பத்தா இட்லி மாவுக்கு அலாரம் வச்சுப் பாத்திருக்கியா? மார்கழின்னா குண்டானுக்குச் சாக்கைச் சுத்துவா. சித்திரைன்னா பொழுது சாஞ்ச பெறகுதான் ஆட்டவே உக்காருவா. சிவகாசி வெடியாபீசுல மருந்து கலக்குறவனும் வெயில் ஏறுமுன்ன வேலையை முடிச்சிருவான். நீ உச்சி வெயில்ல ஈஸ்ட்டோட மல்லுக்கு நிக்கிற. மாவில வெரலை வச்சு அமுக்கிப் பாரு. குழி படக்குனு எந்திரிச்சா இன்னும் ஆகலை. மெல்ல, பாதி எந்திரிச்சா தட்டுல ஏத்து. எந்திரிக்கவே இல்லையா, பொறுத்தது போதும்னு அதுக்கே அலுத்துப் போச்சுன்னு அர்த்தம்.

பிசையிறதைப் பத்தி என்கிட்ட கேக்காத. விருதுநகர்ல எண்ணெய்ப் பரோட்டாக் கடை மாஸ்டர் பக்கத்துல அரை மணி நேரம் நில்லு. பிசைஞ்சு, ஈரத்துணி போட்டு, மாவைத் தூங்க விடுவாரு. எழுந்த மாவை அவர் வீசுனா அந்தப் பக்கம் நிக்கிற ஆள் மூஞ்சி தெரியும். ஒன் மாவும் அப்படி இழுபடணும். ரெண்டே நிமிசத்துல கை வலிக்குதுன்னு விட்டா, நாய்க்குத்தான் யோசனை வரும்.

கணக்கைக் கேட்டுக்கோ. மைதா அரைக் கிலோ, சீனி 50 கிராம், ஈஸ்ட் ஒண்ணரை டீஸ்பூன், உப்பும் அதே அளவு. பால் கால் லிட்டர் ஊத்திட்டு நிறுத்து. நம்ம மைதா ரொம்பக் குடிக்காது, வேணும்னா கையில தெளிச்சுக்கோ. வெண்ணெய் 60 கிராம். அதை மொதல்லயே போட்டு மாவை வழுக்க விட்டுராத. நல்லாப் பிசைஞ்சு மாவு இழுபட ஆரம்பிச்ச பெறகு கொஞ்சங் கொஞ்சமாத் தேய்ச்சு ஏத்து. ஒங்காத்தா கடைஞ்ச வெண்ணெய்ன்னா மோரைப் பிழிஞ்சுட்டுப் போடு, இல்லாட்டி மாவு கொழகொழன்னு கையைப் பிடிச்சுக்கிட்டு விடாது. 15 உருண்டை போட்டு, கல்யாணப் பந்தியில உக்காந்த சனம் மாதிரி நெருக்கமா அடுக்கு. பொங்கும்போது ஒண்ணுக்கொண்ணு தோள் ஒரசணும். ஒரசுன பக்கம் காந்தாது, பஞ்சாப் பிஞ்சு வரும். மறுபடி உப்பினதும் 180 டிகிரியில 20 நிமிசம். எடுத்த சூட்டுல மேல வெண்ணெயைத் தடவித் துணியைப் போட்டு மூடு. அந்த ஆவியிலதான் மேல்தோல் மெதுமெதுன்னு ஆகும்.

ஓவன் வாங்கின கதையும் கேட்டேன். கரெண்டு போனதும் இன்வெர்ட்டர்ல போட்டியாமே, அது கீச்சுனு கத்திட்டு மூச்சை விட்டுருச்சாம். விருதுபட்டிக்குப் போற சனியனை வெலை குடுத்து வாங்கின மாதிரின்னு நம்ம பக்கம் சொல்லுவாக. 1923-ல விருதுபட்டிக்கு விருதுநகர்னு பேரே மாத்திட்டாக. சனியன் மட்டும் பழைய விலாசத்தை மறக்காம வந்துருது.

நாளைக்கு வெள்ளன எந்திரிச்சுச் சுடு. எனக்கு நாலு எடுத்து வையி. வெறும் ரொட்டி எனக்குத் தொண்டையில எறங்காது, சால்னா வேணும். தூக்குவாளியோட நானே போறேன். கடைக்காரன் சால்னாவை மட்டும் தனியாத் தரமாட்டான், கூட ஒரு நாலு பரோட்டாவும் வாங்க வேண்டியிருக்கும். காசை மட்டும் எடுத்து வையி.