கீசர் மரணம்: கோவில்பதாகைக் குளியலறைகளை முன்வைத்து

ஆவடி என்றால் வரலாற்றுப் புத்தகங்களுக்கு இரண்டுதான் நினைவுக்கு வரும்: சோஷலிச பாணி சமுதாயமே இலக்கு என்று தீர்மானம் போட்ட 1955 காங்கிரஸ் மாநாடு, அப்புறம் டாங்கித் தொழிற்சாலை. (டாங்கிக்கும் வெந்நீருக்கும் என்ன தொடர்பு என்று கேட்க வேண்டாம்; போருக்குப் பிந்தைய பிரிட்டிஷ் டாங்கிகளுக்குள் டீ போடவே ஒரு வெந்நீர்ப் பாத்திரம் வைத்தார்கள்.) பக்கத்துக் கோவில்பதாகையின் குளியலறைகளில் தொங்கும் கீசர்களைப் பற்றி அப்புத்தகங்கள் மூச்சுவிடவில்லை. அந்த இடைவெளியை நிரப்ப இங்கே வைக்கப்படும் கருதுகோள்: பழைய கீசரைக் கொல்வது வயதல்ல, தண்ணீர். கொலையாளியைக் குழாயிலேயே விட்டுவிட்டுப் புதுக் கீசர் மாட்டுவது, அடுத்த பலியாட்டுக்கு மாலை போடுகிற காரியம்.

முதல் சான்று பக்கெட். போர்வெல் தண்ணீர் பிடிக்கும் பக்கெட்டின் உட்புறத்தில், விபூதி பூசினாற்போல ஒரு வெள்ளை வளையம் இருக்கும்; நகத்தால் சுரண்டினால் சுண்ணாம்புப் பொடியாக உதிரும். தண்ணீரின் கடினத்தன்மைக்கு அடையாளம் அது. குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் இருக்கலாம், வேறு வழியில்லாவிட்டால் 600 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர விதி. கீசருக்குள் தண்ணீரைச் சூடாக்கும் காயிலுக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது. சர்க்கரை சூட்டில் கரையும்; இந்தச் சுண்ணாம்போ சூடு பட்டதும் தண்ணீரை விட்டுப் பிரிந்து காயில்மேல் ஓடாகப் படியும். ஓடு கட்டிய காயில் தன் சூட்டைத் தண்ணீருக்குக் கொடுக்க வழியில்லாமல் தானே வெந்து அறுந்துபோகும். இரண்டாவது சான்று, கீசருக்குள்ளேயே இருந்தும் வீட்டுக்காரர் பார்த்தே இராத ஒரு மக்னீசியக் கம்பி. இரும்புத் தொட்டி துருப்பிடிக்காமல் இருக்க, அதற்குப் பதிலாக இது கரைந்துகொண்டிருக்கும். 1824-இல் ஹம்ப்ரி டேவி பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் செப்புத் தகட்டைக் காப்பாற்ற இரும்பையும் துத்தநாகத்தையும் இப்படித்தான் காவு கொடுத்தார். செம்பு பிழைத்தது, ஆனால் கப்பலடியில் சிப்பிகள் குடியேறி வேகத்தைக் கெடுத்தன. கீசரில் சிப்பி பயமில்லை. உப்புத் தண்ணீரில் கம்பி சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதுதான் பயம். அதன்பின் தொட்டியின் முறை.

"தூக்கிப் போட்டுட்டுப் புதுசா வாங்கிடுங்க சார்" என்பது எலக்ட்ரீஷியன் மரபின் மறுப்பு. தொட்டியே ஒழுகினால், செம்மண் நிறத்தில் தண்ணீர் வந்தால், அவர் சொல்வதுதான் சரி. காயில் மட்டும் போயிருந்தால் காயிலையும் கம்பியையும் மாற்றி, படிவைக் கழுவிவிட்டாலே போதும். புதுசுக்கு ஸ்டார் அதிகம், கரண்ட் மிச்சம் என்பது அடுத்த மறுப்பு. 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60-க்குக் கொண்டுபோக எந்தக் கீசருக்கும் சுமார் 0.6 யூனிட் வேண்டும். ஸ்டார் அளப்பது, சூடான தண்ணீர் சும்மா நின்றே இழக்கும் வெப்பத்தை. குளிக்கப் போகும்முன் ஸ்விட்சைப் போட்டு, குளித்ததும் அணைக்கிற வீட்டில் அந்த மிச்சம் கொசுறுதான்.

சென்னைக்கு வெந்நீரே எதற்கு என்பவர்களை மார்கழி விடிகாலையில் தலைக்கு ஊற்றிக்கொள்ளச் சொல்லலாம். சித்திரையில் அவர்கள் கட்சி ஜெயிக்கும் என்பது உண்மை: மொட்டைமாடி சின்டெக்ஸ் தொட்டியே கீசராகிவிடும், பகலில் பைப்பைத் திறந்தால் கை சுடும். அப்போது குளிக்கிற பதத்தில் தண்ணீர் தருவது, முந்தின ராத்திரி நிரப்பி அணைத்தே வைத்திருக்கும் கீசர். இந்த வேலைக்குக் காயில் தேவையில்லை என்பதால், காயில் அறுந்த பழைய கீசரை ஐப்பசி வரை கழற்றாதிருப்பது உசிதம்.